மீண்டவரின் குருதி: எலிகள் வழி வரும் இரத்தக்கசிவுக் காய்ச்சல்கள்

காய்ச்சலுடன் ஒருவர் சேர்க்கப்படும்போது, உடன் வந்தோரிடம் நாங்கள் கேட்கும் சில வினாக்கள் அவர்களுக்கு வியப்பளிக்கின்றன. எத்தனை நாள்களாகக் காய்ச்சல் என்று கேட்பதோடு நாங்கள் நிறுத்துவதில்லை. வீட்டில் எலி நடமாட்டம் உண்டா, அண்மையில் நெல் மூட்டைகளைப் புரட்டினாரா, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைப் பெருக்கினாரா, அறுவடைக்குப் போனாரா என்றும் கேட்கிறோம். மனிதர் மயங்கிக் கிடக்கையில் எலியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் மனத்தாங்கல் கொள்வதும் உண்டு. இவ்வினாக்களின் பின்னால் எழுபது ஆண்டுகளுக்கும் மேலான ஆராய்ச்சி இருக்கிறது. அதன் பெரும்பகுதியை நடத்திச் சென்றவர்கள் ஆய்வாளர்கள் மட்டும் அல்லர். நோயிலிருந்து மீண்டு, தம் குருதியைக் கொடுத்துச் சென்ற எளிய மக்களும் ஆவர். அவர்களைப் பற்றியும் சேர்த்தே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு பெயர்க்குழப்பத்தை நீக்கிவிடுவோம். நம் நாட்டில் எலிக்காய்ச்சல் என வழங்கப்படுவது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருவது. மழைக்காலத்தில் தேங்கிய நீரில் கலந்த எலியின் சிறுநீர், காலிலுள்ள சிறு காயங்கள் வழியாக உடலுக்குள் புகுவதால் அது உண்டாகிறது. பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகள் அதற்கு உள்ளன. இங்கு நாம் பேசப்போவது வைரஸ்களால் வரும் வேறொரு நோய்க்கூட்டம். காய்ச்சலும், இரத்தத் தட்டணுக்கள் குறைவதும், சிறுநீரகம் பழுதுறுவதும் இரண்டிலும் காணப்படலாம் என்பதால் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட வாய்ப்பு உண்டு. எங்கள் பிரிவுக்கு வரும் இத்தகைய காய்ச்சல்களில் மிகப் பெரும்பாலானவை டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் ஆகிய மூன்றுமே என்பதையும் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் வீணே அஞ்ச வேண்டியதில்லை.

எலிகளையும் சுண்டெலிகளையும் உறைவிடமாகக் கொண்டு மனிதரில் இரத்தக்கசிவுக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்கள் முதன்மையாக இரு குடும்பங்களைச் சேர்ந்தவை: ஹான்டா வைரஸ்கள், அரீனா வைரஸ்கள். ஒவ்வொரு வைரஸும் பெரும்பாலும் தனக்கென ஓர் எலியினத்தைக் கொண்டிருக்கிறது. அந்த எலிக்கு அதனால் பெருந்துன்பம் இல்லை. வைரஸைத் தன் உடலில் தாங்கிக்கொண்டு, சிறுநீரிலும் எச்சத்திலும் உமிழ்நீரிலும் வெளியேற்றியபடியே உயிர் வாழ்கிறது. அவை காய்ந்து தூசியாகி, அத்தூசியை மனிதர் மூச்சில் இழுக்கும்போதுதான் தொற்று ஏற்படுகிறது. கடித்து வருவதைவிட மூச்சு வழியே வருவதே மிகுதி.

கொரியாவில் கிடைத்த முதல் துப்பு

1951இல் கொரியப் போரின்போது, 38ஆம் அகலக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் நின்றிருந்த ஐக்கிய நாடுகள் படையினரிடையே ஓர் இனந்தெரியாத காய்ச்சல் தோன்றியது. போர் முடிவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். முகம் சிவந்து, கண்களில் இரத்தத் திட்டுகள் தோன்றி, முதுகு தாளாமல் வலித்து, பின்னர் சிறுநீரே வராமல் நின்றுபோயிற்று. மஞ்சூரியாவில் பணியாற்றிய ஜப்பானிய, சோவியத் மருத்துவர்கள் இதே போன்ற நோயை 1930களிலேயே கண்டிருந்தனர். ஆயினும் அதை உண்டாக்கும் கிருமி எது என்பது தெரியவில்லை.

கிருமி தெரியாவிடினும் நோயின் போக்கைப் போர்க்கள மருத்துவர்கள் மிக நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். அது ஐந்து கட்டங்களாகச் செல்கிறது. முதலில் காய்ச்சல். அடுத்து இரத்த அழுத்தம் சரியும் கட்டம். மூன்றாவதாகச் சிறுநீர் குன்றும் கட்டம். நான்காவதாக, நின்றிருந்த சிறுநீர் நாளொன்றுக்குப் பல லிட்டராகப் பெருகும் கட்டம். இறுதியாக, வாரக்கணக்கில் நீளும் உடல் தேறும் காலம். வைரஸ் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் அச்சுவர் கசிகிறது. குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே சென்றுவிடுகிறது. அழுத்தம் குறைகிறதே என்று அளவின்றி நரம்பு வழியே நீர் ஏற்றினால், அந்நீரும் கசிந்து நுரையீரலை நிறைக்கும். சிறுநீர் பெருகும் கட்டத்திலோ, ஈடுசெய்யாமல் விட்டால் நீரும் உப்புகளும் இழந்து நோயாளி தளர்ந்துபோவார். ஒரே நோயாளிக்கு ஒரு நாள் நீரைக் குறைக்கவும் இன்னொரு நாள் கூட்டவும் வேண்டியிருந்தது. 1952இல் வோன்ஜு நகரிலிருந்த படை மருத்துவமனைக்குச் செயற்கைச் சிறுநீரக எந்திரம் ஒன்று கொண்டுவரப்பட்டதில் இந்நோய்க்கும் பங்கு உண்டு. சிறுநீரகப் பிரிவில் இருப்போரின் உறவினர்கள், ஏன் தண்ணீரை இப்படி அளந்து தருகிறீர்கள், தாகம் என்று கேட்கிறாரே என்று எங்களிடம் வருந்துவதுண்டு. குடித்த நீரையும் கழித்த சிறுநீரையும் உடனிருப்போர் எழுதி வைக்கும் அந்தத் தாள், மருத்துவர் பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

கிருமியைக் கண்டறிந்தவர் தென்கொரிய அறிவியலாளர் லீ ஹோ வாங். ஆண்டுக்கணக்கில் அவரும் அவருடைய குழுவினரும் நோய் கண்ட பகுதிகளில் எலிகளைப் பிடித்துச் சோதித்தனர். அவர் கையிலிருந்த முதன்மையான கருவி, நோயிலிருந்து மீண்டவர்களின் சீரம் எனப்படும் குருதித் தெளிநீர்தான். அந்நோய் எதனால் வந்ததோ அதனை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் அச்சீரத்தில் இருந்தாக வேண்டும் என்பது அவர் எண்ணம். எலியின் உறுப்புகளை மெல்லிய சீவல்களாக்கி, அவற்றின் மீது மீண்டவரின் சீரத்தை இட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தார். முதுகில் கருங்கோடு கொண்ட வயல் சுண்டெலியின் நுரையீரல் சீவல்கள் 1976இல் ஒளிர்ந்தன. நோயுறாத மனிதரின் சீரத்தை இட்டால் ஒளி இல்லை. 1978இல் முடிவு வெளியாயிற்று. அப்பகுதியில் ஓடும் ஹான்டான் ஆற்றின் பெயரே வைரஸுக்கும் சூட்டப்பட்டது; ஹான்டா என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

இக்கண்டுபிடிப்பின் அழகு, அதைத் திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம் என்பதில் இருக்கிறது. மீண்டவரின் சீரத்தைக் கொண்டு எலியின் வைரஸைக் காட்டினார்கள். இனி, வைரஸ் இருப்பதாகத் தெரிந்த திசுவின் மேல் புதிய நோயாளியின் சீரத்தை இட்டுப் பார்த்தால் அவருக்கு வந்தது இந்நோயா என்று சொல்லிவிடலாம். அன்று பிறந்ததே இந்நோய்க்கான முதல் நம்பகமான பரிசோதனை. அதனைக் கொண்டுதான், வயல் பக்கமே போகாத சியோல் நகரவாசிகளுக்கும் இதை ஒத்த நோய் வருவது தெரிந்து, நகரத்து எலிகளில் சியோல் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த எலிகள் கப்பலேறி உலகின் துறைமுகங்களுக்கெல்லாம் சென்றவை. 1990 முதல் கொரியாவில் ஹான்டான் வைரஸுக்குத் தடுப்பூசியும் பயன்பாட்டுக்கு வந்தது.

அரிதாள் நோயும் எட்டாம் நாளும்

நோயாளிகளுக்கு நேரடிப் பயன் தந்த ஆராய்ச்சி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நாங்கள் தென்னமெரிக்காவின் அர்ஜென்டினாவைத்தான் சுட்டுவோம். அங்குள்ள பாம்பாஸ் சமவெளியில் 1950களில், மக்காச்சோள அறுவடைக் காலத்தில் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தனர். ஈறுகளில் இரத்தம் கசிந்தது, கைகள் நடுங்கின, அறிவு மயங்கியது. மருத்துவம் பெறாதவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேர் வரை மாண்டனர். அறுத்த வயலில் எஞ்சி நிற்கும் அரிதாளைக் குறித்து, அரிதாள் நோய் என்று பொருள்படும் பெயராலேயே அவ்வூர் மக்கள் அதை அழைத்தார்கள். மருத்துவர்கள் விளங்கிக்கொள்ளும் முன்பே அந்தப் பெயர் நோயின் இருப்பிடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது என்பது எங்கள் எண்ணம். சோளக்கொல்லையிலும் அதன் வரப்போரக் களைகளிலும் பெருகும் ஒரு சிறு சுண்டெலியே வைரஸின் உறைவிடம். அதன் எண்ணிக்கை உச்சத்தை எட்டும் இலையுதிர் காலமும் அறுவடைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. 1958இல் வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டு, ஹூனின் என்ற ஊரின் பெயரைப் பெற்றது.

மீண்டவர்களின் குருதியிலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து, புதிதாக நோயுற்றோருக்குச் செலுத்தும் வழக்கம் அங்கு ஏற்கெனவே தோன்றியிருந்தது. பலன் உண்டு என்று பலர் நம்பினார்கள். ஆனால் நம்பிக்கை வேறு, நிறுவுதல் வேறு. மருத்துவர் ஹூலியோ மைஸ்தெகியும் அவருடைய குழுவினரும் இதை முறையாகச் சோதிக்க முனைந்தனர். நோய் தொடங்கி எட்டு நாள்களுக்குள் வந்தவர்களில் ஒரு சாராருக்கு மீண்டவரின் பிளாஸ்மாவும், மறு சாராருக்கு நோயுறாதவரின் சாதாரணப் பிளாஸ்மாவும் தரப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 1979இல் முடிவு வெளியானது. மீண்டவரின் பிளாஸ்மா பெற்ற 91 பேரில் இறந்தவர் ஒருவர். சாதாரணப் பிளாஸ்மா பெற்ற 97 பேரில் இறந்தவர் 16 பேர்.

அந்தப் பதினாறு பேரைப் பற்றி எண்ணாமல் இவ்வெண்களைக் கடந்து செல்ல எங்களால் இயல்வதில்லை. பலன் தரக்கூடிய மருந்தை ஒரு சாராருக்கு மறுக்கலாமா என்ற வினா இன்றும் எந்த ஆய்விலும் எழுவதே. பிளாஸ்மாவால் மஞ்சள் காமாலை போன்ற தொற்றுகள் வரும் ஆபத்தும் அன்று இருந்தது. பலன் உண்டா என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாத நிலையில் எல்லோருக்கும் கொடுத்திருந்தால், இன்றும் தெரியாமலே கொடுத்துக்கொண்டிருப்போம். அந்த ஒப்பீடு நடந்ததனால்தான் அதன்பின் அந்நோயுற்ற எவருக்கும் ஐயமின்றி அதைத் தர முடிந்தது. எங்கள் மருத்துவமனையில் ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்கும்போது, எங்களை வைத்துச் சோதனை செய்கிறீர்களா என்று வருத்தத்துடன் கேட்போருக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். மறுக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு; மறுத்தால் சிகிச்சையில் எந்தக் குறைவும் வராது. ஒப்புக்கொள்கிறவர் செய்வது என்ன என்பதற்கு அந்த 188 அர்ஜென்டினர்கள் சான்று.

இம்மருத்துவத்தின் உயிர்நாடி காலம்தான். எட்டு நாள்களுக்குப் பின்னர் கொடுத்தால் அது அவ்வாறு உதவுவதில்லை. அதற்குள் வைரஸ் தன் கேட்டைச் செய்து முடித்துவிடுகிறது. ஆகவே வயல் தொழிலாளியின் வீட்டார், காய்ச்சல் தானே தணியும் என்று காத்திருந்த ஒவ்வொரு நாளும் அந்த எட்டிலிருந்து கழிந்த நாளாயிற்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிளாஸ்மாவால் பிழைத்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, குணமாகி வீடு திரும்பிய சில வாரங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலும் தலைவலியும் நடைத் தள்ளாட்டமும் தோன்றின. பெரும்பாலோர்க்கு அதுவும் தானே தணிந்தது.

பின்னர் தடுப்பூசி வந்தது. வீரியம் குறைக்கப்பட்ட ஹூனின் வைரஸைக் கொண்டு உருவாக்கப்பட்ட கேண்டிட் 1 என்னும் அத்தடுப்பூசி, 1988 முதல் 1990 வரை 6,500 விவசாயத் தொழிலாளர்களிடம் சோதிக்கப்பட்டது. அவர்களில் நோய் கண்டவர்கள் 23 பேர். அந்த 23 பேரில் 22 பேர் போலி ஊசி பெற்றிருந்தவர்கள். ஒருவரே தடுப்பூசி பெற்றவர். தடுப்பூசி பரவலானதும் நோய் அருகிப் போயிற்று. ஆனால் நோயுற்று மீள்வோர் குறையக் குறைய, பிளாஸ்மா கொடுக்கத் தகுந்தவர்களும் குறைந்தார்கள். இன்னும் ஆங்காங்கே நோயுறும் ஒரு சிலருக்குத் தரவேண்டிய பிளாஸ்மாவைச் சேகரித்து வைப்பதே அங்குள்ள மருத்துவர்களுக்குக் கவலையாயிற்று.

பிற நாடுகளில்

அண்டை நாடான பொலிவியாவில் 1960களின் தொடக்கத்தில் சான் ஹோவாக்கின் என்ற சிற்றூரை இதன் உறவுக்கார வைரஸான மச்சூப்போ சூறையாடியது. அங்குச் சுண்டெலிகள் வீடுகளுக்குள்ளேயே குடிபுகுந்திருந்தன. ஊர்ப் பூனைகள் மடிந்துபோனதே அதற்குக் காரணம் என்றும், கொசுவுக்குத் தெளித்த டிடிடி மருந்தே பூனைகளைக் கொன்றது என்றும் கருதப்பட்டது. கார்ல் ஜான்சன் முதலான ஆய்வாளர்கள், மருந்தோ தடுப்பூசியோ இல்லாத நிலையில், வீடு வீடாக எலிப்பொறி வைக்கச் செய்தார்கள். எலிகள் குறைந்ததும் நோய் நின்றது. ஆய்வுக்குச் சென்ற ஜான்சனே அந்நோயில் விழுந்து பிழைத்தவர். பின்னாளில் ஹான்டான் வைரஸைப் பற்றிய 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் லீயுடன் இணைந்து எழுதியவரும் அவரே.

உடனிருந்து நோயாளியைப் பேணுவோர் அறிய வேண்டியது மேற்கு ஆப்பிரிக்காவின் லஸ்ஸா காய்ச்சலைப் பற்றி. 1969இல் நைஜீரியாவின் லஸ்ஸா என்னும் ஊரில் செவிலியர் ஒருவர் நோயுற்று இறந்தார். அவரைப் பேணிய இரண்டாம் செவிலியரும் இறந்தார். மூன்றாமவரான லில்லி பின்னியோ நியூயார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பிழைத்தார். அவ்வைரஸை யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜோர்டி கசால்ஸ் தாமே தொற்றுக்கு ஆளானபோது, பின்னியோவின் பிளாஸ்மா அவருக்குச் செலுத்தப்பட்டது, அவர் பிழைத்தார். ஒருவர் பிழைத்ததைக் கொண்டு மருந்தை முடிவு செய்ய இயலாது. ஹூனினுக்கு நிறுவப்பட்டதைப் போல லஸ்ஸாவுக்குப் பிளாஸ்மாவின் பலன் நிறுவப்படவில்லை. ரிபாவிரின் என்னும் மருந்தே அங்குக் கையாளப்பட்டு வருகிறது. லஸ்ஸா வைரஸ் நோயாளியின் குருதி, சிறுநீர், வாந்தி வழியாகப் பேணுவோருக்கும் தொற்றும். ஹான்டா வைரஸ்களோ, தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் வைரஸ் ஒன்றைத் தவிர, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதாக அறியப்படவில்லை.

வேலூரின் மூஞ்சூறு

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓரிடம் உண்டு. 1964இல் வேலூரில் பிடிபட்ட மூஞ்சூறு ஒன்றிலிருந்து ஒரு வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டு, தோட்டப்பாளையம் என்ற பகுதியின் பெயரால் தோட்டப்பாளையம் வைரஸ் எனப்பட்டது. அது ஹான்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. அதாவது லீ ஹோ வாங் கண்டுபிடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, அக்குடும்பத்து வைரஸ் ஒன்று, இன்னதென்று அறியப்படாமலே வேலூரில் கைக்குக் கிடைத்திருந்தது. பிள்ளையாரின் வாகனமாக நாம் வணங்கும் மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று; பூச்சிகளை உண்ணும் வேறொரு விலங்கினம். தோட்டப்பாளையம் வைரஸ் மனிதரில் நோய் உண்டாக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை.

ஆனால் வேலூர் ஆய்வாளர்கள் பின்னர் தமிழ்நாட்டில் நடத்திய குருதி ஆய்வுகளில், எலி பிடிக்கும் இருளர் மக்களிடமும் கிடங்குத் தொழிலாளர்களிடமும் ஹான்டா வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. தொற்று இங்கும் நேர்கிறது என்பதற்கு இது தடயம். அவர்களில் எவரும் நோயாளியாக மருத்துவமனை தேடி வந்தவர் என்று இதற்குப் பொருளில்லை. எனினும் டெங்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, உண்ணிக் காய்ச்சலும் இல்லை என்று முடிவுகள் வந்த பின்னும் தட்டணுக்கள் குறைந்து சிறுநீரகம் தளரும் நோயாளியிடம், நாங்கள் இதையும் எண்ணிப் பார்க்கிறோம். ஹான்டாவுக்கு உறுதியான தனி மருந்து இல்லாவிட்டாலும், எந்தக் கட்டத்தில் நீரைக் குறைப்பது, எப்போது டயாலிசிஸ் தொடங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்க அது உதவுகிறது. தொற்றுக்கும் காய்ச்சலுக்கும் இடையே பெரும்பாலும் ஓரிரு வாரங்களும், சிலவேளை ஒரு மாதத்துக்கும் மேலும் செல்லக்கூடும். ஆகவே நேற்று நடந்ததை மட்டும் அல்லாமல், போன மாதம் கிடங்கைத் துப்புரவு செய்ததையும் நினைவுகூர்ந்து சொல்லுங்கள்.

வீட்டில் எலி எச்சம் கிடக்கக் கண்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். உலர்ந்த எச்சத்தைப் பெருக்குவதுதான் தூசியை மூக்குக்கு எழுப்பும் வழி. முதலில் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே இருங்கள். ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் எனப் புதிதாகக் கலந்து, எச்சத்தின் மீதும் சுற்றிலும் நன்கு நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு கையுறை அணிந்து, பழந்துணியாலோ தாளாலோ வழித்தெடுத்து, பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தரையை மீண்டும் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். பொறியில் செத்த எலிக்கும் இதே முறைதான். அரிசி, பருப்பு ஆகியவற்றை மூடியுள்ள தகர டப்பாக்களில் வையுங்கள். சுவரில் சுண்டுவிரல் நுழையும் அளவு பொத்தல் இருந்தாலும் சுண்டெலிக்குப் போதும். அதைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள்.